சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்

காரை நிறுத்திய இடத்தில் ஐம்பது காசு நாணய அளவில் ஒரு கறுப்பு வட்டம். இரண்டு வாரத்தில் அது சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பேக் சீல் போயிருச்சு பாஸ், கியர்பாக்ஸ இறக்கணும்” என்கிறார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டுவதால் அவர் அப்படிச் சொல்கிறார். அந்தச் சீலின் விலை சில பத்து ரிங்கிட்தான். ஆனால் அதை மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி பல நூறு ரிங்கிட்டுக்குப் போய்விடும். பத்துப் பதினைந்து வயதான உள்நாட்டுக் காரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் சொட்டும் எண்ணெய் எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியிலிருந்து பின்பக்கமாக வழிந்து வந்ததாகவும் இருக்கலாம். அதை நிறுத்த ஒரு ரப்பர் கேஸ்கெட்டும் ஒரு சனிக்கிழமை மத்தியானமும் போதும். இரண்டில் எது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எண்ணெய் எப்படி நகர்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், அது எஞ்சின் எண்ணெய்தானா?

நம் நாட்டு வெயிலில் காருக்கு அடியில் சொட்டும் திரவத்தில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். குளிர்சாதனம் காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்வித்து நீராக்கி, பயணி உட்காரும் பக்கத்துக்குக் கீழே வெளியே விடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பயப்பட வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் இரவில் காருக்கு அடியில் வெள்ளை மணிலா அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். முன் டயர் இருக்கும் இடத்தை அதில் பென்சிலால் குறித்துவிட்டால், மறுநாள் காலையில் எந்தப் பக்கம் சொட்டியது என்றும் தெரியும். பட்டறைகளில் ‘மிஞ்ஞாக் ஹித்தாம்’ என்று சொல்லும் எஞ்சின் எண்ணெய் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும், விரலில் வழவழக்கும். ஆட்டோ கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு, பழையதானால் பழுப்பு. ரேடியேட்டர் குளிர்விப்பான் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என ஏதாவதொரு சாயத்தில் இருக்கும். காய்ந்த இடத்தில் படிவு விடும். அதில் நச்சுப் பொருள் உண்டு. பூனை நாய் நக்காதபடி உடனே கழுவிவிடுங்கள். சக்கரத்துக்கு உட்பக்கம் தெளிவான மஞ்சள் திரவம் தெரிந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, காரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

தரையிலுள்ள கறையைப் பார்த்து எவ்வளவு எண்ணெய் போயிருக்கிறது என்று கணிக்க முடியாது. ஒரு துளி எண்ணெய் சுமார் 0.04 மில்லிலிட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு துளி என்று எட்டு மணி நேரம் சொட்டினாலும் நான்கு மில்லிலிட்டர்தான் வரும். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஆனால் சிமெண்டுத் தரை அதை உறிஞ்சிப் பரப்பி ஊரையே கூட்டிவிடும். மாறாக, தரையில் ஒரு சொட்டும் விழாத காரில், ஓடும்போது மட்டும் அழுத்தத்தில் பீய்ச்சியடிக்கும் கசிவு இருந்தால், நெடுஞ்சாலையில் ஒரே பயணத்தில் எஞ்சின் வறண்டு போகலாம். நம்பக்கூடியது டிப்ஸ்டிக் ஒன்றுதான். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, கம்பியைத் துடைத்து மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். பல சிறிய கார்களில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர்.

எண்ணெய் விளக்கு எரியவில்லையே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும் நேரத்தில் பேரிங்குகளுக்கு எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். “அடுத்த ஆர் அண்ட் ஆர் வரை ஓட்டிவிடலாம்” என்று நினைத்தவர்களின் எஞ்சின்கள்தான் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கின்றன.

எண்ணெய் ஏன் ஊர்ந்து போகிறது?

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எஞ்சின் எண்ணெய்க்கு 30 அளவில்தான். அதனால்தான் மெழுகு பூசிய பானெட்டில் மழைநீர் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. எண்ணெய் அப்படி நிற்காது. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகப் பரவும். போல்ட்டுத் தலையைச் சுற்றிப் போகும். வயர்க்கட்டின் மேல் ஊர்ந்து ஓர் அடி தள்ளி இறங்கும். தட்டையான பரப்பின் அடிப்பக்கத்தில்கூட ஒட்டியபடியே நகரும். எஞ்சினின் மிகத் தாழ்ந்த விளிம்பை எட்டிய பிறகே துளியாகத் திரண்டு விழும். அந்தத் தாழ்ந்த விளிம்பு, அநேகமான கார்களில், எண்ணெய்த் தொட்டியின் மூலை அல்லது கியர்பாக்ஸ் சேரும் இடம். கசிவு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சொட்டுவது அங்கேதான்.

இத்துடன் காற்றும் சேர்கிறது. கார் ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே கசிவைத் தேடுபவர் சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கியும் முன்நோக்கியும் போக வேண்டும். நனைந்திருக்கும் பகுதிகளில் எது எல்லாவற்றிலும் உயரமானது, எது எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது என்று பாருங்கள். அதற்கு மேலே காய்ந்திருந்தால், ஊற்றுக்கண் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், வெப்பம். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் 60 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் இருக்கும். 100 டிகிரியில் அது 10 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது சூடான எஞ்சினில் எண்ணெய் ஏறத்தாழ ஆறு மடங்கு எளிதாக ஒழுகும். காலையில் குளிர்ந்த எஞ்சினைப் பார்த்து “ஒன்றும் இல்லையே” என்று சொல்வதில் பயனில்லை.

கழுவாமல் தேடாதீர்கள்

பத்து வருடத் தூசியும் எண்ணெயும் கலந்து கறுப்புப் பசையாய் அப்பியிருக்கும் எஞ்சினில் புதிய கசிவைத் தேடுவது, சேற்றில் ஈரத்தைத் தேடுவது போல. குளிர்ந்த எஞ்சினில் டிகிரீசர் தெளித்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஸ்பார்க் பிளக் குழிகள் ஆகியவற்றை முன்கூட்டியே பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். கார் கழுவும் கடையின் அழுத்த நீர்த் துப்பாக்கியை எஞ்சினுக்குள் காட்ட வேண்டாம். எண்ணெய்க் கசிவைத் தேடப் போய் மின்கோளாறைச் சம்பாதித்துக்கொண்டு வருவீர்கள்.

காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் குழந்தைகளுக்குப் பூசும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். சுழலும் பெல்ட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இருபது நிமிடம் காரை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் கறுத்த கோடாக எண்ணெய் தன் வழியைத் தானே வரைந்து வைத்திருக்கும். கைபேசியில் படமெடுத்து, மறுநாளும் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்துக்கும் கைபேசிதான் தோது. கையை மட்டும் உள்ளே நீட்டிக் காணொளி எடுத்துவிடலாம்.

இதற்கும் பிடிபடாத கசிவுக்குச் சாய முறை இருக்கிறது. எண்ணெயில் கலக்கும் ஒளிர்சாயம் சிறு குப்பியில் விற்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அதைவிட ஆற்றல் குறைந்த மஞ்சள் பச்சை ஒளியாகத் திருப்பி விடுகிறது. வெள்ளைச் சட்டை டிஸ்கோ விளக்கில் பளிச்சிடுவதும் இதே தத்துவம்தான். சாயத்தை ஊற்றி ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, இரவில் புற ஊதா டார்ச் அடித்தால், ஊசிமுனை அளவுக் கசிவும் மின்மினி போல எரியும். எண்ணெய்க்கேற்ற சாயம்தானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். குளிர்சாதன வாயுவுக்கான சாயமும் அதே அலமாரியில் இருக்கும்.

சீல் குற்றவாளியா, பலியா?

பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. கசிகிற சீலைக் கண்டுபிடித்தாயிற்று, மாற்றியாயிற்று. ஆறு மாதத்தில் புதுச் சீலும் கசிகிறது. “போலி சாமான்” என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். சாமான் நல்லதாகவே இருந்திருக்கலாம்.

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் எழும் உயர் அழுத்த வாயுவில் ஒரு சிறு பங்கு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்குகிறது. எந்த நல்ல எஞ்சினிலும் இது நடக்கும். அந்த வாயுவுக்கு வெளியேற வழி வேண்டும். முற்காலக் கார்களில் ஒரு குழாய் வழியாக அதை நேராகத் தெருவில் விட்டார்கள். அந்தப் புகை நகரத்துக் காற்றைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அதை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே உறிஞ்சி எரிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கான வால்வுதான் இன்று பட்டறைகளில் ‘பிசிவி வால்வு’ என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலும் வால்வு மூடியின் மேலோ அதன் பக்கத்திலோ, ஒரு ரப்பர்க் குழாயோடு இணைந்திருக்கும்.

காற்று மாசைக் குறைக்க வந்த இந்த வால்வால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அது வேலை செய்யும்வரை எஞ்சினின் வயிற்றுக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தமே இருக்கும். சீல்களின் வழியாக எண்ணெய் வெளியே வர விரும்பாது, உள்ளேதான் இழுக்கப்படும். வால்வில் கசடு அடைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கசிவு தொடங்கினால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை இறுகப் பிடித்து விரியுங்கள். பை லேசாக உள்ளே குழிந்தால் நல்லது. பலூன் போல மேலே உப்பினால், அழுத்தம் கூடியிருக்கிறது. தலைமுடி, கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட்டுப் பக்கம் போகக் கூடாது. பையும் கை நழுவக் கூடாது. மூடியைத் திறந்ததும் எஞ்சின் சற்றுத் தடுமாறினால் பதற வேண்டாம். பல கார்களில் அது இயல்பு.

உப்பியது என்றால் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். பல வகைகளில் உள்ளே ‘கடகட’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதிது போடுங்கள். இந்த வேலையிலேயே மிக மலிவான சாமான்களில் ஒன்று அது. குழாய் வெடித்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புது வால்வு, சுத்தமான குழாய் இரண்டும் இருந்தும் பை உப்பினால் செய்தி நல்லதல்ல. பிஸ்டன் வளையங்களே தேய்ந்திருக்கலாம். அந்த எஞ்சினுக்குச் சீல் மேல் சீலாக மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

பால்மரத்து ரப்பர் ஏன் ஆகாது?

அழுத்தம் சரியாக இருந்து கசிகிறது என்றால், ரப்பருக்கு வயதாகிவிட்டது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம் பாட்டன் பாட்டிமார் தோட்டங்களில் சீவிய பால்மரத்தின் ரப்பர், டயருக்கு அருமையான பொருள். ஆனால் எஞ்சினுக்குள் எண்ணெயைத் தடுக்க அது உதவாது. இயற்கை ரப்பர் ஒரு ஹைட்ரோகார்பன். எஞ்சின் எண்ணெயும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும். எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பரின் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அதை ஊதிப் பெருக்கவைத்துவிடும்.

ஆகவே சீல்களுக்கு நைட்ரைல் ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். இதில் பியூட்டாடையீனோடு அக்ரிலோநைட்ரைல் என்ற பொருள் சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும். அதன் மின்முனைவுத் தன்மைக்கு எண்ணெயோடு ஒட்டாது. அதிகச் சூடான இடங்களில் அக்ரிலிக், சிலிக்கோன், ஃபுளோரோ ரப்பர் வகைகளைப் போடுகிறார்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ரப்பர்க் கையுறை உற்பத்தியில் உலகில் முன்னணியில் இருப்பது மலேசியா. ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. ஒரு லேட்டக்ஸ் கையுறையிலிருந்தும் நீல நிற நைட்ரைல் கையுறையிலிருந்தும் ஒரே நீளத்தில் ஒவ்வொரு துண்டு வெட்டி, இரண்டு கிண்ணங்களில் எஞ்சின் எண்ணெயில் ஊறப்போடுங்கள். மறுநாள் எடுத்துத் துடைத்து அளந்து பாருங்கள். லேட்டக்ஸ் துண்டு நீண்டு, தொளதொளத்து, இழுத்தால் எளிதில் கிழியும். நைட்ரைல் துண்டில் அந்த அளவு மாற்றம் இருக்காது. மெக்கானிக்குகள் நீலக் கையுறை போடுவதற்கும், சைக்கிள் டியூபை வெட்டிக் கேஸ்கெட்டாக வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காததற்கும் காரணம் இதுதான்.

நைட்ரைலுக்கும் சாவு உண்டு. சூட்டில் ஆக்ஸிஜன் அதைத் தாக்கும்போது சங்கிலிகளுக்கு இடையே புதிய முடிச்சுகள் விழுகின்றன. ரப்பர் மெல்ல மெல்லப் பிளாஸ்டிக் போல் விறைத்துவிடுகிறது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு. மாலை நெரிசலில் காற்றோட்டமில்லாமல் ஒரு மணி நேரம் நின்று நின்று ஊர்வது, அதே நேரம் நெடுஞ்சாலையில் ஓடுவதைவிடச் சீல்களுக்குக் கொடியது. பல ஆண்டு அழுத்தப்பட்டே இருந்த கேஸ்கெட் நிமிரும் சக்தியையும் இழந்துவிடும். கழற்றி எடுத்தால் உருண்டையாய் இருந்தது தட்டையாகிக் கிடக்கும். வளைத்தால் பிஸ்கட் போல் ஒடியும்.

‘கசிவு நிறுத்தி’ என்று புட்டியில் விற்கும் மருந்துகளின் ரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. விறைத்துச் சுருங்கிய ரப்பரை மென்மையாக்கிச் சற்று ஊதவைக்கும் பொருள்தான் பெரும்பாலும் அவற்றில் இருக்கிறது. சுருங்கியதால் வரும் சிறு கசிவு அதனால் சில காலம் குறையலாம். கிழிந்த சீல், தேய்ந்த தண்டு, தளர்ந்த போல்ட்டு ஆகியவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. நல்ல நிலையிலுள்ள மற்றச் சீல்களையும் அது தொடுகிறது என்பதால், விற்க முடிவெடுத்துவிட்ட பழைய காருக்கு மேல் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்வதும் நியாயம்.

வால்வு மூடி: வீட்டில் செய்யக்கூடியது

பட்டறையில் ‘வால்வ் கவர் கேஸ்கெட்’ என்பார்கள். எஞ்சினின் உச்சியில் இருப்பதால் கைக்கு எட்டும். காரைத் தூக்க வேண்டியதில்லை. பழைய கார்களில் மிக அதிகமாகக் கசியும் இடங்களில் இதுவும் ஒன்று. இதன் கசிவுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, சிக்னலில் நிற்கும்போது குளிர்சாதனத் துளை வழியாக வரும் எண்ணெய் தீயும் வாடை. மூடியிலிருந்து வழியும் எண்ணெய் புகைபோக்கி மேனிஃபோல்டின் மேல் விழுகிறது. எண்ணெயின் தீப்பற்று நிலை 200 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டியதுதான். கடுமையாக ஓடிய எஞ்சினின் மேனிஃபோல்டோ அதைவிடப் பல மடங்கு சுடக்கூடியது. இந்த வாடையோடு பானெட்டின் இடுக்கில் புகையும் தெரிந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். காரை அன்றே நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, ஸ்பார்க் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கி எஞ்சின் குலுங்குவது. அதற்குக் காரணமான குழாய் சீல்கள் பல கார்களில் அதே கேஸ்கெட் பெட்டியோடு சேர்ந்தே வரும்.

எஞ்சின் நன்றாக ஆறியதும் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். காயில்களையும் வயர்களையும் எடுக்கும்முன் படம் எடுத்து, ஒட்டுத்தாளில் 1, 2, 3, 4 என்று எண் எழுதி ஒட்டுங்கள். மூடியின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரே மூச்சில் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர்ச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும். புதுக் கேஸ்கெட்டும் அந்தக் கீறல் வழியே ஒழுகும்.

பழைய கேஸ்கெட்டை எடுத்துப் பள்ளத்தைப் பஞ்சு போகாத துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம். அதன் துகள்கள் எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குப் போய்விடும். புதுக் கேஸ்கெட்டைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் அமர்த்துங்கள். டைமிங் மூடியும் எஞ்சின் தலையும் சேரும் மூலைகளிலும் அரைவட்ட வளைவுகளிலும் மட்டும் பட்டாணி அளவுக்கு ஆர்டிவி சிலிக்கோன் வையுங்கள். இது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் பொருள். நம் ஊர் ஈரக்காற்று அதற்கு உகந்தது. ஆக்ஸிஜன் உணரிக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். ‘அதிகம் போட்டால் அதிகம் அடைக்கும்’ என்று கேஸ்கெட் முழுதும் பூசுபவர்கள் உண்டு. உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கோன் பிய்ந்து விழுந்து, தொட்டியிலுள்ள எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிட்டால், கசிவோடு போயிருக்க வேண்டிய தொல்லை எஞ்சினையே கொண்டுபோய்விடும்.

இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக. இந்தச் சிறு போல்ட்டுகளுக்குப் பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். உங்கள் காருக்கான சரியான எண்ணைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள். 10 நியூட்டன் மீட்டர் என்றால், 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை தொங்குவதற்குச் சமம். கையால் ‘ஹும்’ என்று ஒரு மூச்சுப் பிடித்தால் அதன் இரண்டு மடங்கு வந்துவிடும். அலுமினிய மரை வழுக்கிப் போவதும், மூடி வளைந்து முன்னைவிட அதிகமாகக் கசிவதும் அப்படித்தான்.

மற்ற இடங்கள்

எண்ணெய் மாற்றிய மறுநாளே கசிவு என்றால் இரண்டைப் பாருங்கள். தொட்டியின் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒருமுறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும். மற்றது ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டர் பூட்டப்பட்டால் இரண்டு வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வழுக்கும். எஞ்சின் வேகமெடுத்து எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அது பிதுங்கி, சில நிமிடங்களில் எஞ்சின் காலியாகிவிடலாம். எண்ணெய் அழுத்த சுவிட்சும் அடிக்கடி கசிகிற மலிவான சாமான். பழைய வகை எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலுள்ள ஓ-வளையத்தையும் பார்க்க வேண்டும்.

கிராங்க் தண்டின் முன் சீல், கேம் சீல் ஆகியவற்றை டைமிங் பெல்ட் உள்ள காரில் நீங்களாகத் தொடாதீர்கள். பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் பல எஞ்சின்களில் விபரீதமாகிவிடும். அதே சமயம், அந்தச் சீல் கசிந்து பெல்ட்டை எண்ணெய் நனைத்தால் பெல்ட் அறுந்துபோகும் என்பதால் தள்ளிப்போடவும் கூடாது. பெல்ட் மாற்றும் தவணையில் இந்தச் சீல்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான்.

எதைச் செய்தாலும், ஜெக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் உடம்பைக் கொண்டுபோகாதீர்கள். ஜெக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஜெக் ஸ்டாண்ட் இரண்டு வேண்டும், சமதரை வேண்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். பல தாமான் வீடுகளின் போர்ச் தரை வாசலை நோக்கிச் சரிந்தே இருக்கும். அங்கே அடியில் புகும் வேலை எதையும் பட்டறைக்கு விட்டுவிடுவதே மேல். பேக் சீல் என்றே உறுதியானாலும் பட்டறைதான். ஆனால் அப்போது கழுவிய எஞ்சினின் படமும் பிளாஸ்டிக் பைச் சோதனையின் முடிவும் உங்கள் கையில் இருக்கும். “மேலே காய்ந்திருக்கிறது, அழுத்தமும் சரி, கியர்பாக்ஸ் இணைப்பில் மட்டும்தான் ஈரம்” என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் மெக்கானிக்கின் பேச்சும் வேறாக இருக்கும்.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது சட்டப்படி குற்றம். 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளில் அது ‘எஸ்டபிள்யூ 305’ என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. எண்ணெய் வந்த அதே புட்டியில் ஊற்றி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழுதுபார்த்த பிறகு மணிலா அட்டையை மறுபடி விரியுங்கள். இடுக்குகளில் தங்கிய எண்ணெய் மூன்று நான்கு நாள் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வாரம் கழித்தும் அட்டையில் புது வட்டம் விழுந்தால், டால்கம் பவுடரை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.